வலது மூலையில் ஒரு கண்

எங்கள் முதல் வாடிக்கையாளர் உப்புவெளியில் திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிற ஒருவர். கடற்கரையில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டில்தான் அவருடைய அலுவலகம். அதற்குள் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை, உப்புக்காற்றில் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த ஒரு கணினி. பதிவுகளைப் பார்க்க வைத்திருந்த மருமகன் நாள் முழுக்க அதில் கிரிக்கெட் பார்க்கிறான் என்று அவருக்குச் சந்தேகம்.

"நான் கடலுக்குள்ள நிக்கேக்க இஞ்ச என்ன நடக்குது எண்டு எனக்கு போனில தெரியவேணும். வேற ஒண்டும் வேண்டாம்," என்றார்.

நானும் என் சிநேகிதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் விற்கப் போயிருந்த பொருளை எங்களைவிடச் சுருக்கமாக அவர் சொல்லிவிட்டார்.

நாங்கள் இருவரும் திருகோணமலை நகரத்தில் ஒரு சிறிய கணினி வகுப்பில் படிப்பித்தவர்கள். வகுப்பை மூடியபோது இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல் போனது. கொழும்புக்குப் போக எனக்கு மனமில்லை. அவளுக்கு மனமிருந்தது, வீட்டில் விடவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு சிறிய நிறுவனம் தான் எழுதிய கண்காணிப்பு மென்பொருளைக் கிழக்குப் பக்கம் விற்க ஆள் தேடியது. பெரிய கம்பனிகள் வாங்குகிற மென்பொருளில் வரைபடங்கள் இருக்கும், வாராந்த அறிக்கை இருக்கும், ஊழியர் எத்தனை தடவை தட்டச்சுப் பலகையைத் தொட்டார் என்பதுவரை கணக்கு இருக்கும். இதில் அந்தச் சோடனை எதுவும் இல்லை. கடைக் கணினி வேலை செய்கிறதா, அதில் யார் இருக்கிறார், திரையில் என்ன தெரிகிறது. இவ்வளவும் முதலாளியின் கைத்தொலைபேசிக்கு வரும். மெனுக்களை எல்லாம் நாங்கள் தமிழாக்கினோம். ஒரு சொல்லுக்காக அவளோடு அரை நாள் சண்டை பிடித்ததும் உண்டு.

அவள் ஸ்கூட்டி ஓட்டுவாள். நான் பின்னால் மடிக்கணினிப் பையை அணைத்துக்கொண்டு இருப்பேன். கிண்ணியாவில் வலைக்கடை, நிலாவெளி வீதியில் விடுதிகள், நகரத்தில் மருந்துக்கடைகள், மூதூரில் போட்டோப்பிரதி எடுக்கிற ஒரு சின்னக் கடை என்று ஏறி இறங்கினோம். கண்காணிப்பு என்றதும் எல்லோரும் கையை உயர்த்திச் சுவரைக் காட்டுவார்கள்.

"கமரா ஏற்கெனவே பூட்டியிருக்கு, தங்கச்சி."

கமராவில் ஆளின் முதுகுதான் தெரியும், அவர் செய்கிற வேலை தெரியாது என்று அவள் விளக்குவாள். அதில் அவள் கெட்டிக்காரி. சந்தேகத்தோடு கேட்பவரிடம் அவள் திருட்டைப் பற்றியே பேசமாட்டாள். மின்சாரம் போய் வந்த பிறகு கணினி எழும்பினதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்பாள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் அதற்காகவே வாங்கினார். மகளின் பாடசாலைக் கலைவிழாவில் இடையில் எழும்பிப் போய்க் கடைக்கு போன் எடுக்காமல் கடைசிவரை இருக்கவேண்டும் என்பதே அவருடைய ஆசை. இருந்தார். அடுத்த நாள் எங்களுக்கு போன் எடுத்து, மகள் என்ன வேடம் போட்டாள் என்று சொன்னார்.

சிலருக்கு நாங்கள் விற்கவில்லை. ஒருவர் மனைவியின் மடிக்கணினியில் யாருக்கும் தெரியாமல் போட்டுத் தரமுடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நாங்கள் கடைக்குத்தான் விக்கிறம் அண்ணை, மனிசிமாருக்கு இல்லை," என்று சொல்லிவிட்டு அவள் எழும்பினாள். வெளியே வந்து ஸ்கூட்டிச் சாவியை என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு நான்தான் ஓட்டினேன்.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. யாராவது தொலைவிலிருந்து கடைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தத் திரையின் வலது மூலையில் சிறிய கண் ஒன்று திறக்கும். விரும்பினால் அதை மறைத்துவிடலாம். மறைக்கக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக நின்றாள். "பாக்கிறதெண்டால் சொல்லிப்போட்டுப் பாக்கட்டும்," என்பாள். அந்தக் கண்ணால் நாங்கள் பல வாடிக்கையாளர்களை இழந்தோம். கண் திறந்தால் கள்ளன் உஷாராகிவிடுவானே என்று கேட்பார்கள். உஷாரானால் நல்லதுதானே என்று அவள் சிரிப்பாள்.

மத்தியானத்தில் கோட்டைப் பக்கத்துக் கடற்கரையில் இருந்து சாப்பிடுவோம். ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து சாப்பாட்டுப் பார்சலை மணந்து பார்க்கும். எனக்குச் சோறு கொஞ்சம் போதும். மிச்சத்தை அவள் எடுத்துக்கொள்வாள். அந்த நாட்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வேலை செய்கிறேன் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

உட்துறைமுக வீதியில் படகு எஞ்சின் உதிரிப்பாகம் விற்கிற ஒரு கடை இருக்கிறது. முதலாளி கிண்ணியாக்காரர். மாலைதீவுக்கும் கொழும்புக்கும் அடிக்கடி போய் வருகிறவர். கடையில் பில் போடுகிறவர் ஒரு அக்கா. சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவர், கணவரைக் கடலில் இழந்தவர். நாங்கள் மென்பொருளைக் கணினியில் ஏற்றிப் பூட்டப் போன அன்று அவர் கதிரையைவிட்டு எழும்பவில்லை.

"என்ர முகம் தெரியுமோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா, திரை மட்டும்தான்."

"நான் கதைக்கிறது கேக்குமோ?"

"கேக்காது."

"அப்ப நான் பிழையா அடிச்சு அழிக்கிறது?"

என் சிநேகிதி பொய் சொல்லவில்லை. "அது தெரியும் அக்கா," என்றாள். பிறகு தன் போனை எடுத்து, முதலாளிக்கு எது தெரியுமோ அதை அப்படியே அவருக்குக் காட்டினாள். மூலையில் கண் திறந்ததைக் காட்டினாள், பக்கத்தை மூடியதும் அது மறைந்ததையும் காட்டினாள். அக்கா திரும்பத் திரும்பத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நாங்கள் கிளம்பும்போது, வெயிலுக்குள் அலைகிற பிள்ளைகள் என்று இரண்டு பேருக்கும் பால் இல்லாத பிளேன்ரீ ஊற்றித் தந்தார். அதற்குப் பிறகு அந்த வீதியால் போனால் அந்தக் கடையில் நிற்காமல் நாங்கள் போனதில்லை. கடை வாசலில் நின்றால் துறைமுகம் முழுக்கத் தெரியும்.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் வரிசையில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நின்ற காலத்தில் அவளுக்கு மெல்பேர்னிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல மனிதர். அவரோடு பேசிய பிறகு அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். போகாதே என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. போகிற அன்று ஸ்கூட்டிச் சாவியை என் கையில் தந்து, "பிரேக் கொஞ்சம் இறுக்கம், பாத்து ஓடு," என்றாள். நான் ஓம் என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். என்ன சொல்லியிருப்பேன் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

போன பிறகும் அவள் எங்கள் தொழிலில் பங்காளியாகவே இருந்தாள். நான் மூதூரிலோ வெருகல் பக்கமோ சிக்னல் இல்லாமல் நிற்கும்போது, ஒரு கடைக் கணினி மக்கர் பண்ணினால் அங்கிருந்து பார்த்துச் சரிசெய்வாள். முதல் சில மாதம் அது பெரிய உதவி. பிறகு அவளுக்கு ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. உதவி கேட்பதை நான் குறைத்துக்கொண்டேன். போன் பேசுவதும் குறைந்தது. அவள் வேலையில் இருப்பாள், களைத்திருப்பாள் என்று நானே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்வேன்.

ஆனால் எங்கள் நிர்வாகப் பக்கத்தில், அவள் உள்ளே வந்தால் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். காலையில் இங்கே கடைகள் திறக்கிற நேரம் அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் புள்ளி வரும். லிங்கநகரில் என் அறையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்திருப்பேன். அவள் என்ன செய்கிறாள் என்று தேடிப் பார்க்கவில்லை. பழைய வாடிக்கையாளர்களின் கணினிகள் எல்லாம் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்கிறாள் என்றே நம்பினேன். புள்ளி இருக்கும்வரை அவள் பக்கத்து மேசையில் இருப்பதுபோல இருக்கும். அணைந்ததும் நான் வேலைக்குக் கிளம்புவேன்.

ஒரு நாள் எஞ்சின் கடை அக்கா போன் எடுத்தார். குரல் சரியில்லை.

"தங்கச்சி, ஒருக்கா வந்திட்டுப் போறீங்களே?"

போனேன். கடையில் கூட்டமில்லை. அவர் திரையின் மூலையைச் சுட்டிக்காட்டினார். அப்போது அங்கே ஒன்றும் இல்லை.

"காலமை கண் திறந்து கிடந்தது. நேற்றும் அப்பிடித்தான். அதுக்கு முதல் நாளும்."

"முதலாளி பாக்கிறாராக்கும் அக்கா."

"முதலாளி உம்ராவுக்குப் போட்டார். போனை வீட்டில வச்சிட்டுத்தான் போனவர். அவரின்ர மகனிட்டக் கேட்டனான். அது அலுமாரிக்குள்ள சார்ஜ் இல்லாமக் கிடக்குதாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஆர் என்னைப் பாக்கினம்?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் மடிக்கணினியைத் திறந்து பதிவுகளைப் பார்த்தேன். அவள்தான். வேறு எந்தக் கடையையும் அவள் தொடவில்லை. ஒவ்வொரு நாளும் வந்து, இந்த ஒரு கடையின் திரையை மட்டும் திறந்து வைத்திருந்திருக்கிறாள். சாப்பிட்டு முடிக்கிற நேரம்வரை.

"நாளைக்குச் சொல்லுறன் அக்கா. களவு ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் கடலோரச் சீமெந்துக் கட்டின் மேல் இருந்துகொண்டு அவளுக்கு போன் எடுத்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு நானாக எடுத்த அழைப்பு அது. அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னடி, ஏதும் பிரச்சினையோ?"

"நீ எஞ்சின் கடையைப் பாக்கிறனியே?"

"ஓம்," என்றாள்.

"அக்கா பயந்துபோயிருக்கிறா. முதலாளி மக்காவில. ஆர் பாக்கிறது எண்டு கேக்கிறா."

"ஐயோ." அவள் மூச்சை இழுத்தது கேட்டது. "கண் திறக்கும் எண்டதை மறந்தே போனன்."

அந்தக் கண்ணுக்காகச் சண்டை பிடித்தவள் அவள்.

"என்னத்தைப் பாக்கிறனி அதில? வெறும் பில்தானே."

"பில்லைத்தான் பாக்கிறன்." என்றாள். "அக்கா பில்லில ஆளின்ர ஊரையும் எழுதுவாவெல்லே. நிலாவெளி, சல்லி, மூதூர். ஒவ்வொரு எழுத்தா வரும். ஈச்சிலம்பற்று எண்டு அடிக்க எப்பவும் பிழைக்கும் அவவுக்கு, அழிச்சு அழிச்சு அடிப்பா. இஞ்ச சாப்பாட்டு அறையில எல்லாரும் தங்கட தங்கட பாஷையில கதைச்சுச் சிரிப்பினம். நான் போனை வச்சு அதைப் பாத்துக்கொண்டு சாப்பிடுவன். அவ்வளவுதான்."

கட்டுக்குக் கீழே ஒரு வள்ளத்தில் இருந்தவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"அவரோட ஏதும்..." என்று தொடங்கினேன்.

"அவர் நல்லவர். வீடும் நல்லம். ஒரு குறையும் இல்லை. அதாலதான் ஆரிட்டயும் சொல்ல ஏலாமக் கிடக்கு. குறை இருந்தாச் சொல்லலாம். மனம் ஊரைத் தேடுது எண்டு என்னெண்டு சொல்லுறது? பிளேன் ஏறி வா எண்டுவினம். நான் வந்தாலும் இதில்லையே. வேலைக்குப் போய், மத்தியானம் பசியோட வந்து, அந்தக் கடையில நிக்கிறதெல்லே எனக்கு வேணும்."

"கடைகளைப் பாக்கிற உன்ர அனுமதியை எடுத்துவிடவேணும்," என்றேன்.

"எடு. நான் அங்க இருந்திருந்தா நானும் எடுத்திருப்பன்."

எடுத்தால் புள்ளி போய்விடும். அதைச் சொல்லாமல் போனை வைக்க எனக்கு முடியவில்லை. காலையில் அவளுடைய புள்ளியைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பதைச் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"அப்ப ஏன் நீ போன் எடுக்கேல்லை?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"நீ வேலையில இருப்பாய் எண்டு."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

அறைக்குப் போய் அவளுடைய அனுமதியை நீக்கினேன். ஒரு பொத்தானை அழுத்தி, நிச்சயமா என்று கேட்டதற்கு ஆம் என்று சொல்லும் வேலைதான். அந்த ஆம் என்ற சொல்லை ஓம் என்று போடவேண்டும் என்று மொழிபெயர்த்த காலத்தில் அவள் வாதாடியிருக்கிறாள். அதை அழுத்திவிட்டு நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கடைக்குப் போய் அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். யார் என்று சொன்னதும் அவருடைய முகத்தில் பயம் போய் வேறொன்று வந்தது. கோபம் என்று சொல்லமுடியாது.

"அந்தப் பிள்ளையே?"

"ஓம் அக்கா. இனிப் பாக்க ஏலாது, நிப்பாட்டிட்டன்."

"ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றார். "கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன். கேக்காமப் பாத்ததுதான் மனதுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. பிழை அடிக்கிறதை எல்லாம் இருந்து பாத்திருக்கிறாளே."

"அவளுக்கு அதுதான் விருப்பமாம்."

"எது?"

"நீங்கள் ஈச்சிலம்பற்று எண்டு பிழைச்சுப் பிழைச்சு அடிக்கிறது."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மகன் ஒருவன் கட்டாரில் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். அவன் வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தான் என்ற நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தான் படுப்பதாகச் சொன்னார்.

"எடுங்கோ போனை," என்றார். "படத்தோட எடுங்கோ. நான் கதைக்கிறன்."

அங்கே அவளுக்குச் சாப்பாட்டு நேரம். திரையில் அவளுடைய முகம் வந்தது. கொஞ்சம் வெளுத்து, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அக்காவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"அதை விடும். சாப்பிட்டீரே?"

"சாப்பிடுறன்."

"என்ன கறி?"

"கறி இல்லை அக்கா, பாண்தான்."

"பாணும் ஒரு சாப்பாடே," என்றபடி அக்கா என் போனைக் கையில் வாங்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போனார். போனைத் துறைமுகத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார். "அந்தா பாரும், மூதூர்ப் படகு போகுது. சீனன்குடாப் பக்கம் மழை இருட்டுது. வெள்ளைக் கப்பல் ஒண்டு வந்து கிடக்கு, கோதுமையாம். எங்கட முன் வீட்டுக்காரர் புது வள்ளம் வாங்கினவர், நீலம் அடிச்சது, உதுதான்." காற்றில் அவருடைய சேலை போனை மறைப்பதும் விலகுவதுமாக இருந்தது. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அவள் கையில் பாணைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவர் எஞ்சினுக்குச் சாமான் கேட்டு வந்தார். அக்கா போனை என்னிடம் தந்துவிட்டுக் கதிரைக்குப் போனார். அவர் பில் அடித்து முடிக்கும்வரை நான் போனைக் கடலின் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி உம்ராவிலிருந்து வந்த பிறகு அவரிடமும் நான் சொன்னேன். பேரீச்சம்பழம் தந்து, "இனி யாருக்கு அனுமதி இரிக்கி எண்டு எனக்கும் சொல்லி வைங்க புள்ள," என்றார். அன்றிலிருந்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பூட்டுகிறேன். கணினி முன் இருக்கிறவருக்கும் சொல்கிறேன். ஒன்றிரண்டு முதலாளிமாருக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

அவள் இன்னும் வரவில்லை. வாற வருசம், வாற வருசம் என்கிறாள். இப்போது நாங்கள் முன்பைவிட அதிகம் பேசுகிறோம். ஆனால் பேச்சு வேறு, பக்கத்தில் இருப்பது வேறு. பேசும்போது இரண்டு பேரும் நல்லவற்றைத் தேடித் தேடிச் சொல்கிறோம். முன்பு ஒரு நாள் முழுக்க ஒன்றும் சொல்லாமல் சுற்றியிருக்கிறோம். அதைத்தான் என் மனம் தேடுகிறது.

அண்மையில் தம்பலகாமத்தில் ஒரு நெல் ஆலைக்கு மென்பொருள் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். மத்தியான வெயில். வழியில் யானை ஒன்று வீதியோரம் நின்றதால் உழவு இயந்திரங்களும் லொறிகளும் வரிசையாக நின்றன. நானும் நின்றேன். யானை அவசரப்படவில்லை. வயலுக்கு அப்பால் குளம் மினுங்கியது. அவளுக்கு போன் எடுத்தேன். மணி அடித்து நின்றது. இன்னொரு தடவை எடுக்காமல் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். யானை போனதும் முன்னால் நின்ற லொறி அசைந்தது.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் போன் எடுத்தாள்.

"எடுத்தனியே? ரெயினுக்குள்ள நிண்டனான், கேக்கேல்லை. என்ன விசயம்?"

"ஒண்டும் இல்லை. சும்மா எடுத்தனான்."

"சும்மாவோ?"

"ஓம்."

அவள் சரி என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவளுடைய வீட்டில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இங்கே பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள்.